கொள்ளை முடிந்த பிறகும் தொடர்ந்த இரண்டு மணி நேரம்: ஈவ் ஆன்லைன், 2014

2014 மார்ச் மாதம் ஈவ் ஆன்லைன் என்ற இணைய விண்வெளி விளையாட்டை ஆடுகிறவர்கள் நடுவில் ஓர் ஒலிப்பதிவு கைமாறியது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஓடும் பதிவு. விளையாட்டுக்குள் இருந்த தன் சொத்து முழுவதையும் ஒப்படைத்துவிட்ட ஒருவர், அது பல மடங்காகத் திரும்பி வரும் என்று நம்பி, எதிரில் இருந்த கூட்டம் சொல்வதையெல்லாம் செய்துகொண்டிருக்கிறார், கடைசியில் நிலை தடுமாறிக் கத்துகிறார். விண்வெளி விளையாட்டுகளில் ஒருவரை ஒருவர் கொள்ளையடிப்பது சரியா தவறா என்ற பேச்சு அதற்கு முன்பே பல வருடமாக நடந்துகொண்டிருந்ததுதான், ஆனால் அந்தப் பேச்சின் அடிப்படையையே இந்தப் பதிவு மாற்றிவிட்டது.

இதில் சம்பந்தப்பட்ட யாருடைய பெயரையும், விளையாட்டுக்குள் அவர்கள் வைத்திருந்த பெயரைக்கூட, இங்கே எழுதவில்லை. ஏமாந்தவரை இழந்தவர் என்றும், ஏமாற்றியவரை நடத்தியவர் என்றும் சொல்கிறேன். என் நிலையையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் கொள்ளைக்கு எதிரானவன் இல்லை. காவல் குறைந்த பகுதியான லோ-செக்கில், மண்டலம் விட்டு மண்டலம் தாவும் கேட் ஓரம் காத்திருந்து கப்பல் பிடிக்கிறவர்களோடு பறந்தவன், அந்த ஆட்டம் எனக்குப் பிடிக்கும். பிடிக்கும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பின்னணி

ஈவ் 2003 மே மாதம் வெளியானது. உருவாக்கியது ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் இருக்கும் சிசிபி நிறுவனம். சீனாவுக்குத் தனி சர்வர் உண்டு, மற்றபடி உலகம் முழுக்க எல்லோரும் ஒரே சர்வரில் ஒரே வானத்தில் பறக்கிறார்கள். கப்பல் வெடித்தால் போனதுதான். காப்பீட்டில் கொஞ்சம் திரும்பும், அதில் ஏற்றியிருந்த சரக்கும் கருவிகளும் ஒன்று அழியும், இல்லையென்றால் சுட்டவன் அள்ளிக்கொண்டு போவான்.

ஒவ்வொரு நட்சத்திர மண்டலத்துக்கும் ஒரு பாதுகாப்பு எண் இருக்கிறது. 0.5-உம் அதற்கு மேலும் ஹை-செக். அங்கே காரணமில்லாமல் யாரையாவது சுட்டால் கான்கார்ட் என்ற காவல் படை வந்து சுட்டவனின் கப்பலை அழிக்கும். புதிதாக வருகிறவர்கள் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள், கான்கார்ட் தண்டிக்கும், காப்பாற்றாது. அது வந்து சேர்வதற்குள் உங்கள் சரக்குக் கப்பல் தூளாகியிருக்கும். டிஸ்ட்ராயர் என்ற மலிவான போர்க்கப்பல்களைப் பறிகொடுத்து விலை உயர்ந்த சரக்குக் கப்பலை வீழ்த்துகிற தற்கொலைத் தாக்குதலே ஒரு தனித் தொழிலாக வளர்ந்தது. 2011 கடைசியில் வந்த மாற்றம் வரைக்கும், கான்கார்ட் அழித்த கப்பலுக்கே காப்பீட்டுப் பணம் வந்துகொண்டிருந்தது. 0.1-லிருந்து 0.4 வரை லோ-செக், அங்கே கான்கார்ட் கிடையாது, கேட்டிலும் ஸ்டேஷனிலும் இருக்கும் பீரங்கிகள் மட்டும்தான். அதற்குக் கீழே அதுவும் இல்லை.

சுடுவது மட்டுமல்ல, ஏமாற்றுவதும் விதிப்படி அனுமதிக்கப்பட்டதுதான். 2005-இல் ஒரு கூலிக் கூட்டம் மாதக்கணக்கில் ஒரு கார்ப்புக்குள், அதாவது ஆட்டக்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு குழுவுக்குள், ஊடுருவி, நம்பிக்கையான பதவிகளுக்கு ஏறி, ஒரே நாளில் கிடங்குகளைக் காலி செய்து தலைவரின் கப்பலையும் வீழ்த்தியது. 3,000 கோடி ஐஸ்குக்கு மேல் நஷ்டம் என்றார்கள், ஐஸ்க் என்பது விளையாட்டுக்குள் ஓடும் பணம். யாருக்கும் தண்டனை இல்லை, இன்றும் அதை வியந்து பேசுகிறவர்கள் நிறைய. 2010-இல் ஜீட்டா என்ற சந்தை மண்டலத்தில் ஒருவர் 74 பிளெக்ஸை ஒரு சின்ன கெஸ்ட்ரல் கப்பலில் ஏற்றிக்கொண்டு கிளம்பி, வெளியே காத்திருந்தவர்களிடம் மாட்டினார். பிளெக்ஸ் என்பது நிஜப் பணம் கொடுத்து வாங்கக்கூடிய சந்தா டோக்கன், அன்றைக்கு ஒன்று 30 நாள் சந்தாவுக்குச் சமம். ஆயிரம் டாலருக்கு மேல் மதிப்புள்ளது ஒரு நொடியில் போனது. அதற்கும் தண்டனை இல்லை.

அப்படியென்றால் நிறுவனம் எங்கேதான் தலையிட்டது? இரண்டு முன்னுதாரணங்கள் முக்கியம். 2009-இல் ஆட்டக்காரர்கள் நடத்திய ஒரு வங்கியின் தலைவர், வைப்பாளர்களின் ஐஸ்கை எடுத்து வெளியே நிஜப் பணத்துக்கு விற்றார். அவரைத் தடை செய்தது திருட்டுக்காக இல்லை, நிஜப் பணத்துக்கு விற்றதற்காக. வைப்பாளர்களுக்கு இது கொடுமையாகத் தோன்றியிருக்கும், ஆனால் கோடு அப்படித்தான் இருந்தது. இரண்டாவது 2012-இல், ரெய்க்யவிக்கில் நடக்கும் ரசிகர் விழா மேடையில். பெரிய கூட்டணி ஒன்றின் தலைவர், ஆட்டக்காரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் சிஎஸ்எம் பேரவையின் தலைவரும் அவர்தான், மனம் உடைந்திருந்த ஓர் ஆட்டக்காரரைத் தற்கொலைக்குத் தூண்டும் விதமாகப் பேசிவிட்டார். பிறகு மன்னிப்புக் கேட்டார், பேரவைத் தலைமையிலிருந்து விலகினார், கணக்கு 30 நாளுக்கு முடக்கப்பட்டது. அந்தப் பேச்சு விளையாட்டுக்குள் நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நடந்தது என்ன

ஜீட்டா என்பது ஈவின் பெரிய சந்தை. அங்கே உள்ளூர் அரட்டையில் எந்நேரமும் ஒரே மாதிரி விளம்பரம் ஓடும்: எனக்கு ஐஸ்க் அனுப்புங்கள், இரட்டிப்பாகத் தருகிறேன். பழைய ஆட்டக்காரர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள். நடத்தியவர் இதையே இன்னும் ஒரு படி மேலே கொண்டு போனார். சின்னத் தொகை அனுப்பியவர்களுக்கு உண்மையாகவே இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுத்தார், நம்பிக்கை உண்டானதும் சிலரை போனஸ் சுற்றுக்கு வரச் சொன்னார். அதில் சேர வேண்டுமானால் கையில் இருக்கும் ஐஸ்க், கப்பல், பொருள் எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். எதையும் ஒளித்து வைக்கவில்லை என்று சரிபார்க்கவும் ஏற்பாடு இருந்தது. அப்புறம் டீம்ஸ்பீக்கில், அதாவது விளையாட்டுக்கு வெளியே உள்ள ஒரு குரல் அறையில், சொல்லும் வேலைகளைச் செய்து காட்ட வேண்டும். பாட்டுப் பாடு, இதைப் படித்துக் காட்டு, அதைத் திரும்பச் சொல். எல்லாம் சரியாகச் செய்தால் கொடுத்தது பல மடங்காகத் திரும்ப வரும்.

திரும்ப வராது. ஜெயிக்க முடியாத மாதிரிதான் விதிகள் அமைந்திருந்தன, ஏதாவது ஒரு இடத்தில் 'நீ தவறிவிட்டாய்' என்று சொல்வதற்கு வழி எப்போதும் இருந்தது.

இழந்தவர் அந்த அறைக்குள் போனார். சொன்னதைச் செய்தார். மறுபடியும் செய்யச் சொன்னார்கள், மறுபடியும் செய்தார். அறையில் நடத்தியவர் மட்டும் இல்லை, கூட இருந்து கேட்டுச் சிரித்தவர்களும் இருந்தார்கள். நேரம் போகப் போக இழந்தவரின் குரல் மாறியது, கோபம் வந்தது, கத்தினார், இனவெறி வசைகள் உட்பட மோசமான வார்த்தைகள் வந்தன. அந்தக் கத்தலைத்தான் அந்தக் கூட்டம் எதிர்பார்த்திருந்தது. பிறகு பதிவை அவர்களே இணையத்தில் போட்டார்கள், சாதனை என்ற நினைப்பில்.

கவனித்தவை

இந்த நிகழ்வில் எனக்கு முதலில் பட்டது நேரம்தான். இழந்தவரின் கடைசி ஐஸ்க் குரல் அறைக்குள் நுழையும் முன்பே கை மாறிவிட்டது. கொள்ளை என்ற அளவில் வேலை அங்கேயே முடிந்தது. அடுத்த இரண்டு மணி நேரத்தில் நடத்தியவருக்கு விளையாட்டுக்குள் கிடைக்க வேண்டியது எதுவும் மிச்சம் இல்லை, இன்னொரு கப்பல் இல்லை, இன்னொரு ஐஸ்க் இல்லை. அப்படியானால் அந்த நேரம் எதற்காகச் செலவானது? ஒரு மனிதர் உடைவதைக் கேட்பதற்காக. வேறு பதிலை நான் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

லோ-செக்கில் நடக்கும் வழக்கமான பிணைத்தொகையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கப்பலை வார்ப் ஆக, அதாவது அதிவேகத்தில் தாவித் தப்ப, விடாமல் பிடிக்கிறோம், கவசம் குறையும் வரை சுடுகிறோம், பேச அழைக்கிறோம், இவ்வளவு கொடுத்தால் விடுகிறோம் என்கிறோம். கொடுத்தால் விடுகிறோம். வாங்கிக்கொண்டும் சுடுகிற கூட்டங்கள் உண்டு, ஆனால் அந்தப் பேர் பரவிவிட்டால் அடுத்த ஆள் பணம் கொடுக்காமல் கப்பலையே விட்டுவிடுவான், அதனால் வாக்கைக் காப்பாற்றுவதில் கொள்ளையருக்கே லாபம் இருக்கிறது. மொத்தப் பேரமும் சில நிமிடங்கள். முடிந்ததும் அவர் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். சில சமயம் மாட்டியவரே "எப்படிப் பிடித்தீர்கள்" என்று கேட்பார், நாங்களும் சொல்லிக் கொடுப்போம். குறி கப்பல் மேல் இருந்தது, ஆள் மேல் இல்லை.

இரண்டாவதாகக் கவனிக்க வேண்டியது, அவரை உள்ளே பிடித்து வைத்திருந்த கயிறு எது என்பது. கதவு திறந்துதான் இருந்தது, எந்த நிமிடமும் அவர் வெளியேறியிருக்கலாம். ஆனால் வெளியேறினால் வருடக்கணக்கில் சேர்த்ததெல்லாம் போனது உறுதியாகிவிடும், இருந்தால் ஒருவேளை வரலாம். சீட்டுக் கம்பெனி மூழ்கிய பிறகும் அடுத்த தவணையைக் கட்டுகிறவரின் நிலைதான் அது. ஒவ்வொரு வேலையைச் செய்து முடிக்கும்போதும் விட்டுவிட்டுப் போவது இன்னும் கஷ்டமானது. அந்த அறையில் இருந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், ஏற்பாடே அதன் மேல்தான் கட்டப்பட்டிருந்தது.

மூன்றாவது, குரல். கப்பலோடு கப்பல் மோதும்போது நடுவில் ஒரு வேடம் இருக்கிறது. நான் கொள்ளைக்காரனாக நடிக்கிறேன், நீங்கள் வணிகராக நடிக்கிறீர்கள். ஒருவரைத் தன் சொந்தக் குரலில் பாடவும் கெஞ்சவும் வைக்கும்போது அந்த வேடம் கழன்றுவிடுகிறது. வெட்கப்படுவது வணிகக் கப்பலின் மாலுமி இல்லை, வீட்டில் ஹெட்செட் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆள்.

எழுந்த வாதங்கள்

சிஎஸ்எம் பேரவை உறுப்பினர் ஒருவர் இந்தப் பதிவைப் பற்றி நீளமாக எழுதி, இது சித்திரவதை என்று நேரடியாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் விஷயம் வெடித்தது. ஆட்டக்காரர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள்.

எதிர்ப்பக்க வாதங்களை நான் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. 'அவரே ஒப்புக்கொண்டுதானே போனார்' என்றார்கள். ஒப்புக்கொண்டார், ஆனால் எதற்கு? ஜெயிக்க வாய்ப்புள்ள ஒரு போட்டிக்கு. அப்படி ஒரு போட்டியே அங்கு நடக்கவில்லை என்றால் அந்த ஒப்புதலுக்கு என்ன மதிப்பு? பணத்தைப் பொறுத்தவரை இந்தப் பொய்யை ஈவின் விதிகள் அனுமதிக்கின்றன, நானும் ஏற்கிறேன். அவமானத்துக்கு அதே அனுமதியை நீட்ட முடியாது.

'அவர் பேசிய வசை மட்டும் சரியா' என்றும் கேட்டார்கள். சரியில்லை, துளியும் சரியில்லை. அதற்குத் தனியாக நடவடிக்கை எடுத்தாலும் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒருவரைக் கத்த வைப்பதற்காகவே இரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு, கத்தியதும் 'பார், எப்படிப்பட்ட ஆள்' என்று சொல்வது, செய்த காரியத்தைச் செய்யப்பட்டவர் மேலேயே சுமத்துவதாகும்.

கனமான வாதம் மூன்றாவதுதான்: டீம்ஸ்பீக் சிசிபியுடையது இல்லை, அங்கே நடப்பதற்கு நிறுவனம் எப்படி நீதிபதி ஆகும்? இன்றைக்கு ஒரு குரல் அறை, நாளைக்கு நாங்கள் நண்பர்களோடு பேசும் எல்லா இடத்திலும் கை வைப்பார்களா? இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் இந்த நிகழ்வில் ஆள் பிடித்தது ஜீட்டாவில், நம்ப வைத்தது ஈவுக்குள் நடந்த பணப் பரிமாற்றத்தால், உள்ளே பிடித்து வைத்தது ஈவின் சொத்து. அறை மட்டும்தான் வெளியே இருந்தது.

எடுக்கப்பட்ட முடிவு

சிசிபி மார்ச் மாதக் கடைசியில் பொது அறிக்கை வெளியிட்டது. ஆட்டக்காரர்கள் தாங்களாகவே உருவாக்கும் ஆட்டத்தை, அதாவது ஏமாற்று, உளவு, கொள்ளை உட்பட எல்லாவற்றையும், தொடர்ந்து ஆதரிக்கிறோம். ஆனால் நிஜ வாழ்க்கைத் துன்புறுத்தலை ஏற்க முடியாது, அது விளையாட்டுக்கு உள்ளே நடந்தாலும் வெளியே நடந்தாலும் சரி. அறிக்கையின் சாரம் இதுதான். நடத்தியவரின் கணக்கு தடை செய்யப்பட்டது.

இதற்காகப் புது விதி எதையும் எழுத வேண்டியிருக்கவில்லை. மற்றவரைத் துன்புறுத்தக் கூடாது என்பது சேவை விதிகளில் ஏற்கெனவே இருந்தது. ஏமாற்றுதலுக்குத் தடை விழவில்லை, இழந்தவர் நம்பி ஏமாந்த இரட்டிப்பு விளம்பரத்துக்கும் தடை விழவில்லை. இந்த இடத்தில் நிறுவனம் சரியாக நின்றது என்றுதான் நினைக்கிறேன், கொள்ளையையும் சேர்த்துத் தடை செய்திருந்தால் ஈவ் ஈவாக இருந்திருக்காது, பதிவை விட்டு வைத்திருந்தால் புதிதாக வருகிறவர்களிடம் சொல்ல எங்களுக்கு முகமும் இருந்திருக்காது.

பின்விளைவு

தெளிவான கோடு எங்கே என்று ஆட்டக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். எத்தனை நிமிடம் வரை சரி? பாடச் சொல்வதே தவறா? பிணைத்தொகைக்குப் பதிலாக ஒரு பாட்டுக் கேட்பது ஈவில் பழைய வழக்கம், பல பேர் சிரித்துக்கொண்டே பாடிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதுவும் போச்சா என்று கவலைப்பட்டவர்கள் இருந்தார்கள். நிமிடக் கணக்கோடு ஒரு பட்டியல் வரவில்லை. வராதது நல்லதுதான் என்பது என் கருத்து, பட்டியல் வந்திருந்தால் அதன் விளிம்பில் நிற்கத் தெரிந்த ஆட்கள்தான் முதலில் பயனடைந்திருப்பார்கள். பாட்டுக்கும் இந்தப் பதிவுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்வது கஷ்டமும் இல்லை. அங்கே பாடி முடித்ததும் கப்பல் விடுவிக்கப்படுகிறது.

மாற வேண்டியவை

தனித்தனி முறைகளில் ஆட விடுவதுதான் தீர்வு என்பார்கள் சிலர். 2014 டிசம்பரில் வந்த எலைட் டேஞ்சரஸ் அப்படித்தான் செய்தது. எல்லோரும் இருக்கும் திறந்த வானம், தனிக் குழு, ஒற்றை ஆட்டம் என்று நுழையும்போதே தேர்ந்தெடுக்கலாம், கொள்ளையரைப் பார்க்க விரும்பாதவர் பார்க்காமலே ஆடலாம். அந்த விளையாட்டுக்கு அது பொருந்துகிறது. ஆனால் இங்கே இழந்தவரை யாரும் வானத்தில் வழிமறிக்கவில்லை, அவரே நம்பி நடந்து உள்ளே போனார். முறைகளைப் பிரித்திருந்தாலும் இதே ஏமாற்று நடந்திருக்கும்.

அதனால் மாற்றம் கொள்ளைக் கூட்டங்களுக்குள்ளிருந்து வர வேண்டும். ஒரு கார்ப் நடத்துகிறவர் தன் ஆட்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்ல வேண்டியது: எடுக்க வேண்டியதை எடுத்தாகிவிட்டதா, பேச்சை முடி. மாட்டியவர் பேச விரும்பினால் பேசலாம், ஆனால் அவருக்கு ஏதோ திரும்பக் கிடைக்கும் என்ற ஆசையைக் காட்டிப் பேச வைக்கக் கூடாது. குரல் அறைக்கு அழைத்தால் பதிவு ஓடுகிறது என்று முன்பே சொல்லிவிட வேண்டும், அவர் சம்மதம் இல்லாமல் வெளியே போடக் கூடாது. குரல் நடுங்குகிறது, கோபம் எல்லை மீறுகிறது என்று தெரிந்த நொடியில் வேடம் கலைகிறது, அப்போது கொள்ளைக்காரனாக இல்லாமல் சாதாரண மனிதனாக 'சரி, போதும், நீங்கள் கிளம்புங்கள், ஒன்றும் திரும்பி வராது' என்று உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தை அந்த அறையில் யார் சொல்லியிருந்தாலும் இழந்தவர் வெளியேறியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் விஷயம்தான் எனக்கு ஆறவில்லை. பழி முழுக்க நடத்தியவர் மேல் போனது, தடை விழுந்ததும் கதை முடிந்தது என்று எல்லோரும் நகர்ந்தார்கள். ஆனால் கேட்க ஆள் இல்லாத அறையில் இந்த ஆட்டம் இருபது நிமிடம்கூட ஓடியிருக்காது. எந்தக் கார்ப்பிலாவது இதுபோன்ற அறைக்கு உங்களைக் கூப்பிட்டால், சிரிப்பு வராமல் சும்மா கேட்டுக்கொண்டிருந்தாலும் நீங்கள் அதில் பங்கெடுக்கிறீர்கள். நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்தவில்லை என்றால் வெளியே வந்து, இழந்துகொண்டிருப்பவருக்கு விளையாட்டுக்குள்ளேயே தனியாகச் செய்தி அனுப்புங்கள், நிறுவனத்துக்குப் புகார் போடுங்கள். இந்த நிகழ்வில் சிசிபி பேசியது விஷயம் ஊரறிய வெடித்த பிறகுதான்.